வெப்ப அலுவலகத்துக் கொண்டைப் பல்லி

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெரிய ஆள் இல்லை. அதை யாருக்குக் குறைக்கலாம் என்று கண்டுபிடித்தவன்தான் பெரிய ஆள். இந்த இரண்டாவது கண்டுபிடிப்புக்காக மனிதகுலம் குகையிலிருந்து புறப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தது. கடைசியில் அது கிர்கிஸ் மலைகளுக்கு நடுவே, அக்-கசான் நகர வெப்ப வழங்கல் அலுவலகத்தில், இயக்குநர் மைராம்பெக் அவர்களின் மேசைமேல், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிகழ்ந்தது.

குழாய்க்காரன் துர்தாகுன் அந்த நிகழ்ச்சிக்குச் சாட்சி. சாட்சி மட்டும் இல்லை, கருவியும் அவன்தான். வரலாறு மேலே நடக்கும்போது யாராவது ஒருவன் நிலவறைக்குப் போய்ச் சக்கரத்தைத் திருக வேண்டியிருக்கிறது.

இயக்குநர் மைராம்பெக் அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் தலைநகருக்குப் போயிருந்தார். ‘நவீனத் தலைமைப் பண்புகள்’ என்று ஒரு பயிற்சி. முன்பெல்லாம் தலைநகர் போனால் குதிரைக்கறித் தொத்திறைச்சியோடு திரும்புவார். இந்த முறை கம்பளியால் சுற்றிய ஒரு பெட்டியோடு திரும்பினார். வந்த கையோடு எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் ஒரு மரப்பட்டை, ஒரு பிளாஸ்டிக் கொடி, ஒரு சின்னக் கிண்ணம்.

“மரப்பட்டை, பைகே,” என்றான் துர்தாகுன். அக்-கசானில் வயதில் மூத்தவன் எவனும் பைகே. பதவியில் மூத்தவன் இன்னும் பெரிய பைகே.

“பட்டைக்குப் பின்னாடி.”

“பின்னாடி ஒண்ணும் தெரியலையே.”

“கொண்டைப் பல்லி! கடல் தாண்டி ஏதோ ஒரு தீவுல பிறந்த வம்சம். கண்ணுக்கு மேலேர்ந்து முதுகு வரைக்கும் முள்ளு முள்ளா கொண்டை. இப்பத் தூங்குது. பகல் முழுக்கத் தூங்கும், ராத்திரி முழுக்க முழிச்சிருக்கும்.”

“நம்ம ராக்காவல்காரனுக்கு நேர் எதிர்,” என்றார் கணக்காளர் கான்ஷாயிம் எஜே. அந்த அலுவலகத்தில் இயக்குநரின் முகத்துக்கு நேரே பேசக்கூடியவர் அந்த எஜே, அதாவது அக்கா, ஒருவர்தான். சம்பளப் பட்டியல் அவர் கையில் இருந்தது.

இயக்குநர் அதைக் கேட்காதவர்போல் தொடர்ந்தார். தலைநகரில் இப்போது எந்தத் தலைவர் மேசையைப் பார்த்தாலும் பல்லிதானாம். மீன்தொட்டி வைத்திருக்கிறவனை ஆளாகவே மதிப்பதில்லையாம். நாய் என்றால் வாலாட்டும். அது கீழ்நிலை ஊழியரின் குணம். பூனை என்றால் மடியில் ஏறும். அது உறவுக்காரனின் குணம். பல்லி அப்படி இல்லை. அசையாது, அவசரப்படாது, கூப்பிட்டால் வராது.

“யார் எவ்வளவு கத்தினாலும் கண்ணை மூடாது. இமையே கிடையாது! தூசி விழுந்தா நாக்காலயே கண்ணைத் தொடச்சுக்கும். தலைவன்னா இப்படித்தான் இருக்கணும்னு பயிற்சியில சொன்னாங்க.”

பெட்டியோடு ஒரு குறிப்புத் தாளும் வந்திருந்தது. ‘ஆரம்பநிலையாளர்களுக்கான பராமரிப்பு’ என்று அதன் தலைப்பு. இதைப் படித்ததும் இயக்குநரின் முகம் சுருங்கியது.

“இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். நான் ஆரம்பநிலையா?”

அலுவலகமே கூடி யோசித்தது. தலைப்பை அடித்து ‘அனுபவமிக்க ஆரம்பநிலையாளர்களுக்கான பராமரிப்பு’ என்று கான்ஷாயிம் எஜே திருத்தினார். இயக்குநர் முத்திரை குத்தினார். பல்லி அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறி ஓர் எண்ணும் பெற்றது.

அடுத்தது கொருந்துக். புது மருமகளையோ பிறந்த குழந்தையையோ முதல் முறை முகம் பார்க்கிறவன் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. கையில் இருப்பதை வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இயக்குநர் தன் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“பைகே,” என்றான் துர்தாகுன் தயங்கித் தயங்கி, “நாங்க இன்னும் அதைப் பாக்கவே இல்லையே?”

“அது உன்னைப் பாத்துச்சு இல்ல?”

“தூங்குதுன்னு சொன்னீங்க.”

“இமை இல்லாதது தூங்கினாலும் பாக்கும்டா.”

 துர்தாகுன் சட்டைப் பையில் கைவிட்டான். அது குழந்தைத் துணி வாங்க மனைவி நுர்ஜாத் கொடுத்தனுப்பிய காசு. அவனுக்கும் வீட்டில் ஒரு புது வரவு இருந்தது. மகள். பெர்மெத் என்று பெயர். பிறந்து நாற்பது நாள் முடியாததால் இன்னும் வெளியாட்களுக்குக் காட்டவில்லை. ‘நாற்பது முடியட்டும், நானே நேர்ல வந்து முகம் பாத்துக் கொருந்துக் வெக்கிறேன்’ என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல மனசு. இப்போதைக்கு அந்தக் காசு தொப்பிக்குள் விழுந்தது, ஒரு மரப்பட்டையின் முகம் பார்த்ததற்காக.

பராமரிப்பு தொடங்கியது. ‘பல்லி நலக் குழு’ என்று ஒன்று அமைத்தார்கள். காலையும் மாலையும் பெட்டிக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றது தாள். அந்தப் பொறுப்பு கான்ஷாயிம் எஜேவுக்கு. சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர் எப்படித் தெளிப்பாரோ அப்படியே அவரும் தெளித்தார். பெட்டிக்குள் பாதி, இயக்குநர் கையெழுத்திட்ட காகிதங்கள்மேல் பாதி. மை கரைந்து ஓடிய உத்தரவுகளை யாரும் நிறைவேற்ற முடியவில்லை. அந்த வாரம் ஊரில் குழாய் வேலைகள் மிகச் சீராக நடந்தன.

உணவு விஷயத்தில்தான் சிக்கல். பழப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் போதும், அதையே நக்கிக்கொள்ளும் என்றது தாள். இயக்குநரால் இதை ஜீரணிக்க முடியவில்லை.

“கடல் தாண்டி நம்ம வாசலுக்கு வந்திருக்கு. விருந்தாளி. விருந்தாளிக்குக் கூழா ஊத்தறது? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

எனவே கிண்ணத்தில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை ஒன்றும், செம்மறியின் வால்கொழுப்பில் ஒரு நல்ல துண்டும் வைக்கப்பட்டன. பல்லி தொடவில்லை. ‘கூச்சப்படுது’ என்றார் இயக்குநர். இன்னொரு துண்டு வைத்தார்கள். சில நாளில் அறைக்குள் நுழைய முடியாத நாற்றம். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று முடிவு செய்து துர்தாகுனை அழைத்தார்கள். அவன் வளாகத்தில் இருந்த சாக்கடை முழுவதையும் திறந்து, குத்தி, மூடி, இடுப்புவரை நனைந்து மேலே வந்தபிறகு, கான்ஷாயிம் எஜே கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார்.

“அட, இங்கதான்டா இருக்கு. நீ போய்க் குளி.”

பிறகு ஒருநாள் பல்லி உடம்பெல்லாம் வெளுத்துப்போய், வாயைக் கோணிக்கொண்டு, தன் தோலைத் தானே பிய்த்துத் தின்றது. கான்ஷாயிம் எஜே அலறினார். இயக்குநர் தாளைப் பார்த்தார். தோல் உரிப்பது இயல்புதான், உரித்ததை அதுவே தின்றுவிடும் என்று போட்டிருந்தது. அவர் கண்கள் பனித்தன. அடுத்த நாள் குழாய்க்காரர்கள் பழைய சீருடை கிழிந்துவிட்டது, புதுசு வேண்டும் என்று வந்து நின்றார்கள். அவர் பெட்டியைச் சுட்டிக் காட்டினார்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வெப்பம்.

ஒரு நகரத்தின் வெப்ப அலுவலகம் அந்த நகரத்திலேயே சூடான கட்டடமாக இருப்பது இயற்கை. இனிப்புக் கடைக்காரன் வீட்டில் இனிப்பு இருக்காதா? இயக்குநர் அறையில் முப்பத்தொரு டிகிரி. வெளியே மூக்குமுடி உறைகிற குளிரில் உள்ளே அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அதுவே அந்த அலுவலகத்தின் பெருமை. ஆனால் தாள் சொன்னது: ‘இருபத்தாறு டிகிரிக்கு மேல் போகவே கூடாது. போனால் பல்லி இறந்துவிடும்.’ இப்போது பல்லி வாயைத் திறந்துகொண்டு, கொண்டை தளர்ந்து, பெட்டியின் அடியில் படுத்திருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது.

“ஜன்னலைத் திறந்து விடலாமே,” என்றான் துர்தாகுன்.

அறையே திகைத்தது. கான்ஷாயிம் எஜே காதைப் பொத்திக்கொண்டார். “ஜன்னல் காத்தா! முதுகுல ஜன்னல் காத்து பட்டுத்தான் எங்க சித்தப்பாவுக்கு வாய் கோணிப்போச்சு. உனக்கென்ன, நீ நிலவறையில கிடக்கறவன்.”

“எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்,” என்றார் இயக்குநர். ஜன்னல் தள்ளுபடி.

“பெட்டியை வேற ரூமுக்கு மாத்தலாம்.”

“எந்த ரூமுக்கு? என் மேசையில இருக்கிறது கணக்காளர் ரூமுக்குப் போனா, அப்ப தலைமைப் பண்பு எங்க போகும்?” அதுவும் தள்ளுபடி.

“இந்த ரேடியேட்டரை மட்டும் மூட முடியாதா?”

“அதுல மூடி கிடையாது பைகே. இந்தக் கட்டடத்துல எதுலயும் கிடையாது. நிலவறையில ஒரே ஒரு வால்வுச் சக்கரம். அதை மூடினா எல்லாத்துக்கும் குறையும். பின்னாடி இருக்கிற விடுதிக்கும் அதே குழாய்தான்.”

பின்னால் இருந்தது அலுவலகத்தின் ஊழியர் விடுதி. துர்தாகுன் குடியிருந்ததும் அங்கேதான், குழாயின் கடைசி முனையில், கடைசி அறையில். வெந்நீர் முதலில் அலுவலகத்தைச் சுற்றி, அங்கே தன் சூட்டையெல்லாம் ஒப்படைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு விடுதிக்கு வரும்.

“முழுசா மூடச் சொன்னேனா?” என்றார் இயக்குநர். “ஒழுங்குபடுத்தச் சொல்றேன். அறிவியல்பூர்வமா. இங்க இருபத்தாறு வர வரைக்கும் திருகு.”

“இங்க இருபத்தாறுன்னா அங்க தண்ணி பச்சையா வரும் பைகே.”

“பச்சைத் தண்ணி உடம்புக்கு நல்லதுடா.”

வாக்கெடுப்பு நடந்தது. ஆட்சேபம் இருக்கிறவர்கள் யார் என்று இயக்குநர் கேட்டார். கேட்ட விதத்தில் எல்லோரும் ஆதரவாகக் கை தூக்கினார்கள். துர்தாகுனும் தூக்கினான். பிறகு அதே கையோடு நிலவறைக்குப் போய்ச் சக்கரத்தைத் திருகினான். மேலே பல்லி எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மாலை வீட்டுக்குப் போனான். நுர்ஜாத் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டில்மேல் இரண்டு மெத்தைப் போர்வை, அதன்மேல் அவனுடைய ஆட்டுத்தோல் அங்கி. மேல்மாடியில் யாரோ கரண்டியால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கொதிகலன்ல அழுத்தம் கம்மி,” என்றான் அவள் கேட்பதற்கு முன்பே.

“உன் ஆபீஸ்லயும் கம்மியா?”

“அங்க... சரியா இருக்கு.”

“எவ்வளவு சரியா?”

“இருபத்தாறு.”

அவள் வாயைத் திறந்து ஊதினாள். புகை வந்தது. “இங்க எவ்வளவுன்னு நீயே சொல்லு.”

அவன் சொல்லிவிட்டான். பல்லி, தாள், கூட்டம், சக்கரம், எல்லாம். முதலில் அவள் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“பல்லிக்கு வேர்க்குதுன்னு என் பொண்ணு விறைக்கணுமா?”

“அது சூடு தாங்காது நுர்ஜாத். சூடு அதிகமானா செத்துடுமாம்.”

“இவளுக்குக் குளிர் அதிகமானா? பட்டம் குடுப்பாங்களா?”

“மெதுவாப் பேசு.”

“போய்த் திறந்துட்டு வா.”

“வேலை போயிடும். வேலை போனா இந்த ரூமும் போயிடும். அப்புறம் குளிருக்குச் சுவரே இருக்காது.”

அவள் தொட்டில்மேல் கிடந்த அங்கியை இழுத்துவிட்டாள். “நாப்பது மட்டும் முடிஞ்சிருந்தா இவளைத் தூக்கிட்டுப் போய் உங்க இயக்குநர் மேசையில படுக்க வெச்சிருப்பேன், அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல. வாசல் தாண்டக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ ஆம்பளை, உனக்கு எந்த நாப்பதும் இல்ல. நீ ஏன் வாசல் தாண்டிப் பேச மாட்டேங்கற?”

தொட்டிலுக்குள் பெர்மெத் இருமினாள். பூனைக்குட்டி தும்மினதுபோல் ஒரு சின்ன இருமல். அடுத்த நாள் அது இன்னும் கொஞ்சம் பெரிய இருமலாகியிருந்தது.

துர்தாகுன் பேசினான். இயக்குநர் அறைக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி பேசினான்.

“பைகே, பாப்பாவுக்கு இருமல். விடுதியில ரொம்பக் குளிருது.”

இயக்குநர் இரக்கமுள்ள மனிதர். பேனாவைக் கீழே வைத்தார். “அடடா. அதுக்கு எத்தனை டிகிரி வேணும்?”

“தெரியலை பைகே. சூடா இருந்தா போதும்.”

“பாத்தியா, தெரியலை. பல்லிக்குத் தாள் இருக்கு. இருபத்திரண்டுலேர்ந்து இருபத்தாறு. எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கான்! உன் பொண்ணுக்குத் தாள் இருக்கா?”

“பிறப்புச் சான்றிதழ் இருக்கு.”

“அதுல டிகிரி போட்டிருக்கா?”

“எடை போட்டிருக்கு.”

“எடையை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?” என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

விடுதிக்காரர்கள் சேர்ந்து மாகாணத்துக்கு ஒரு புகார் எழுதினார்கள். துர்தாகுன் அதில் கையெழுத்துப் போடவில்லை. நுர்ஜாத் போட்டாள், தன் பெயருக்குக் கீழே மகளின் பெயரையும் எழுதினாள். புகாரின்பேரில், அக்-கசானில் குளிர் இருக்கிறதா இல்லையா என்பதை நேரில் கண்டறிய மாகாண ஆய்வாளர் எசென்கான் வந்து சேர்ந்தார்.

எசென்கான் பெரிய உடம்புக்காரர். ஆய்வாளர் ஆவதற்கு முன்னால் ஒரு செம்மறிப் பண்ணைக்குத் தலைவராக இருந்தவர். ஆய்வு முறைப்படி நடந்தது, அதாவது முதலில் சாப்பாடு. இயக்குநர் அறையிலேயே மேசை போட்டார்கள். ஓர் ஆடு அடித்தார்கள். தலை ஆய்வாளருக்கு. ஈரலும் வால்கொழுப்பும் அடுக்கடுக்காக ஒரு பெரிய தட்டில். கூட்டத்தில் இளையவன் துர்தாகுன் என்பதால், விருந்தாளிகள் கைகழுவ வெந்நீர் ஊற்றும் வேலை அவனுக்கு. கெண்டியும் துண்டுமாகக் கதவோரம் நின்றான்.

சாப்பாடு முடிந்தது. எசென்கான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குக் குளிரலையே?” என்றார்.

“புகார் எழுதறதே இவங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு பைகே,” என்றார் இயக்குநர்.

“‘ஆதாரமற்ற புகார்’னு எழுதிடலாம். வேற ஏதாவது பாக்கறதுக்கு இருக்கா?”

இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே ஈரலைச் சரியாக மெல்லாமல் காத்திருந்தவர். பொழுது சாய்ந்திருந்தது. பல்லி எழுந்து பட்டைமேல் உட்கார்ந்து, நாக்கால் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. இயக்குநர் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து, பிறந்த குழந்தையை நீட்டுவதுபோல் நீட்டினார்.

இங்கேதான் எசென்கானின் முப்பதாண்டு அனுபவம் குறுக்கே வந்தது. செம்மறி வளர்க்கிற மண்ணில் பிறந்த எவனும், கையில் ஒரு பிராணியைக் கொடுத்தால், முகத்தைப் பார்க்க மாட்டான். பின்பக்கம் கையைவிட்டு வாலைத் தாங்கிப் பிடித்து, அமுக்கி, குலுக்கி, எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்று எடைபோடுவான். அதுதான் பிராணிக்கும் மரியாதை, வளர்த்தவனுக்கும் மரியாதை.

“எங்க, சதை எப்படிப் பிடிச்சிருக்குன்னு பாப்போம்,” என்று சொல்லி ஆய்வாளர் வாலைப் பிடித்து அமுக்கினார்.

வால் கழன்று அவர் கையோடு வந்தது. கையில் துள்ளியது. அவர் அலறி உதறினார். அது ஈரல் தட்டில் விழுந்து, வால்கொழுப்புத் துண்டுகளுக்கு நடுவே, தானும் ஒரு வால்தான் என்பதை நிரூபிப்பதுபோல் நெளிந்து நெளிந்து ஆடியது. வாலில்லாத பல்லி ஒரே தாவலில் போய், அறை மூலையில் இருந்த தேசியக் கொடியின் கம்பத்தில் ஒட்டிக்கொண்டது.



“நான் ஒண்ணும் பண்ணலை,” என்றார் எசென்கான்.

“நீங்க எங்க பண்ணினீங்க? அதுவா... தானா...” இயக்குநருக்கு வாக்கியம் முடியவில்லை.

“திரும்ப முளைச்சிடும் இல்ல?”

“இந்த ஜாதிக்கு முளைக்காது,” என்றார் கான்ஷாயிம் எஜே. “தாள்லயே போட்டிருக்கு. வாலைப் பிடிச்சா...”

இயக்குநர் பலமாக இருமினார். எஜே நிறுத்திக்கொண்டார். வாலைப் பிடித்தவர் யார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பிடிக்காமல் வால் விழ ஒரு காரணம் வேண்டும். இப்போதே வேண்டும். தட்டில் அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

துர்தாகுனுக்குத் திடீரென்று தைரியம் பிறந்தது என்று சொன்னால் பொய். பல்லியைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அன்று காலை பெர்மெத் இருமும்போது அழக்கூட முடியாமல் வாயை மட்டும் திறந்திருந்தாள், அது தெரியும்.

“குளிர்தான் ஐயா காரணம்,” என்றான் கதவோரத்திலிருந்து.

எல்லாத் தலையும் திரும்பியது.

“குளிர்ல விறைச்சு உதிர்ந்திருக்கும். சக்கரத்தை நான்தான் அதிகமாத் திருகிட்டேன். தப்பு என் பேர்ல.”

எசென்கானின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. “குளிரா!” என்றார், நெடுநாள் காணாமல்போன உறவினரைக் கண்டதுபோல். “நான் உள்ள நுழையும்போதே நினைச்சேன். ஒரு மாதிரி குளிருதேன்னு.”

“பைகே, இங்க இருபத்தாறு...” என்று இயக்குநர் தொடங்கினார்.

“இருபத்தாறுன்னா? தீவுல பிறந்த உயிர்டா அது! விடுதியில எவ்வளவு?”

“விடுதியில... பல்லி இல்லையே பைகே.”

“நான் கேட்டது டிகிரி. எழுந்திரு. தெர்மாமீட்டரை எடு.”

கொழுப்புப் படிந்த கையோடு ஆய்வுக்குழு விடுதிக்குப் புறப்பட்டது. துர்தாகுன் கெண்டியைக் கீழே வைக்க மறந்து அதையும் தூக்கிக்கொண்டு வழி காட்டினான். முதல் அறையில் பதினான்கு. நடு அறையில் பன்னிரண்டு. ஒவ்வோர் அறையிலும் டிகிரி இறங்க இறங்க ஆய்வாளரின் நடையில் துள்ளல் ஏறியது. கடைசி அறைக் கதவை நுர்ஜாத் திறந்தாள். வெளியாட்களைக் கண்டதும் தொட்டிலுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டாள். எசென்கான் அவளையும் பார்க்கவில்லை, தொட்டிலையும் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரைத்தான் பார்த்தார்.

“பதினொண்ணு!” என்று கத்தினார். “பாத்தியா! பதினொண்ணு! இந்தக் குளிர்ல எந்த வால்டா நிக்கும்? நானே எழுதறேன் அறிக்கையை!”

தொட்டிலிலிருந்து இருமல் கேட்டது.

“அது யாரு?”

“என் பொண்ணு,” என்றாள் நுர்ஜாத்.

“நல்லாப் பாத்துக்கோ,” என்றார் ஆய்வாளர் மகிழ்ச்சியோடு. “குளிர் பொல்லாதது. இப்பத்தான் ஒரு வாலைப் பறிகொடுத்தோம்.”

அக்-கசானில் குளிர் இருப்பது அன்று அரசாங்கரீதியாக உறுதியானது. சக்கரத்தை முழுவதும் திறக்க உத்தரவாயிற்று. துர்தாகுன் நிலவறைக்கு ஓடினான். படிகளில் இரண்டு முறை விழுந்தான். இரண்டு கையாலும் தொங்கித் திருகினான். சற்று நேரத்தில் விடுதியின் குழாய்களெல்லாம் கடகடவென்று தொண்டையைச் செருமிக்கொண்டன.

அவன் அறைக்குத் திரும்பியபோது நுர்ஜாத் ரேடியேட்டர்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவுக்காகவா திறந்தாங்க?”

“இல்ல. பல்லிக்காக.”

“சரி, யாருக்காகவோ.” அவள் கன்னத்தை எடுக்கவில்லை. “ஆனா திரும்ப அதுக்கு வேர்க்குமே?”

அவள் கேட்டது சரிதான். அலுவலகம் மறுபடி முப்பத்தொன்று. அரைக்கைச் சட்டைகள் திரும்பின. பல்லி மறுபடி வாயைத் திறந்தது. இப்போது அதைச் சாகவிடவும் முடியாது. வாரா வாரம் அதன் உடல்நிலை பற்றி அறிக்கை அனுப்பும்படி எசென்கான் எழுதியிருந்தார். பல்லி வெப்பத்தில் செத்தால், வால் குளிரில் விழுந்தது என்ற அறிக்கை என்ன ஆவது? தவிர, இயக்குநருக்கும் அதன்மேல் பழைய பிரியம் இல்லை. வால் இல்லாத பிராணியை மேசைமேல் வைத்துக்கொண்டால், செம்மறி வளர்க்கிற ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

மீண்டும் கூட்டம். மீண்டும் கை தூக்கல். இருபத்திரண்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவே நிற்கிற இடம் வளாகத்தில் எங்கே என்று கான்ஷாயிம் எஜே தெர்மாமீட்டரோடு சுற்றிவந்தார். சக்கரம் முழுதும் திறந்திருக்கும்போது, குழாயின் கடைசி முனையில், கடைசி அறையில், சரியாக இருபத்து நான்கு. உத்தரவு முத்திரையோடு துர்தாகுன் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது:

‘வெப்பம் குறைத்து அரசு உடைமையின் வாலுக்குச் சேதம் விளைவித்த குழாய்க்காரர் துர்தாகுனுக்குக் கடுமையான எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. மேற்படி பல்லி இனி அவரது அறையில், அவரது பராமரிப்பில் இருக்கும். அறையின் வெப்பம் எக்காரணம் கொண்டும் இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. உடன் வசிக்கும் மனிதர்கள் மேற்படி வெப்பத்தை, பல்லிக்கு இடையூறு இல்லாமல், பயன்படுத்திக்கொள்ளலாம்.’

பெட்டி தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நுர்ஜாத் பழப்பொடியைக் குழைத்து வைத்தாள். பல்லி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக வயிறு நிறைய நக்கியது. பெர்மெத்தின் இருமல் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு வாரத்தில் வெறும் சிணுங்கலாகி, பிறகு அவள் நன்றாகக் கத்தி அழத் தொடங்கினாள். துர்தாகுன் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

“இவ நம்ம பொண்ணா, இல்ல பல்லியோட ரூம்ல குடியிருக்கிறவளா?” என்று கேட்டாள் நுர்ஜாத்.

“கதவுல ஒட்டியிருக்கிறதைப் படி.”

இந்தச் செய்தி மாவு மில் பக்கத்தில் இருக்கிற இரண்டாம் விடுதிக்கு எட்டியது. அது வேறு குழாய், வேறு சக்கரம், அங்கே இப்போதும் பதினொன்றுதான். அவர்களும் மனு எழுதினார்கள். வெப்ப அலுவலகம் எந்த மனுவையும் பார்க்காமல் தள்ளுவதில்லை. குழு நேரில் போய், அறை அறையாக, தொட்டில் தொட்டிலாகப் போர்வையை விலக்கிப் பார்த்தது. பாரபட்சமில்லாமல் பதிலும் அனுப்பியது: வெப்பத்தை உயர்த்துவதற்கான முகாந்திரம் எதுவும் மேற்படி விடுதியில் காணப்படவில்லை. அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. குறை அந்த விடுதிக்காரர்களுடையது. அவர்கள் இன்னமும் குழந்தைகளையே பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.